காலி இருக்கைகள்

ஐந்து பேர் அமரக்கூடிய மகிழுந்து ஒன்றின் எடை ஏறத்தாழ 1,500 கிலோகிராம். அதனை ஓட்டிச் செல்பவரின் எடை 65 கிலோகிராம் இருக்கலாம். பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிவிடுகிறது. எஞ்சும் பகுதியிலும் பெரும்பங்கு இரும்பையும் கண்ணாடியையும் இரப்பரையும் நகர்த்தச் செலவாகிறது. மனிதரை நகர்த்துவதற்குப் போவது மிகச் சிறிய அளவே. பக்கத்து இருக்கையில் இன்னொருவர் அமர்ந்தாலும், பின்னிருக்கையில் மேலும் இருவர் அமர்ந்தாலும் எரிபொருட்செலவு சற்றே கூடும், அவ்வளவுதான். இவ்வாறிருந்தும், மகிழுந்துகளின் நாடு என்று சொல்லத்தக்க அமெரிக்காவில், காலையில் வேலைக்கு விரையும் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் ஓட்டுபவர் ஒருவரே அமர்ந்திருக்கிறார். காலி இருக்கைகளை ஊர்விட்டு ஊர் சுமந்து செல்வதற்காகவே இத்தனை எண்ணெயும் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுகிறதோ என்று எண்ணத் தோன்றும்.

ஒரே திசையில் செல்லும் பலர் ஒரு வண்டியில் சேர்ந்து செல்வது புதிய கண்டுபிடிப்பு அன்று. சந்தைக்குச் சென்ற மாட்டுவண்டி, வழியில் நடந்தவரை ஏற்றிக்கொண்ட காலத்திலிருந்தே அது உள்ளது. இன்று மகிழுந்தில் அவ்வாறு சேர்ந்து சென்று, எரிபொருட்செலவைப் பங்கிட்டுக்கொள்வதைப் பகிர்பயணம் எனலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏற்றிக்கொள்பவர் கொடையாளர் அல்லர். ஏறுபவரும் இரவலர் அல்லர். திருக்குறள் 'ஒப்புரவறிதல்', 'ஈகை' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. பகிர்பயணம் அவற்றுள் முன்னதற்கே நெருக்கமானது. ஈகையில் கொடுப்பவர் கையிலிருந்து ஒன்று குறைகிறது. பகிர்பயணத்திலோ, எப்படியும் காலியாகச் செல்லவிருந்த இடம் பிறருக்குப் பயன்படுகிறது. கொடுப்பவரின் செலவும் குறைகிறது. இவ்வளவு எளிய நன்மையை மனிதர்கள் ஏன் எளிதில் கைக்கொள்வதில்லை என்பதே ஆராயத்தக்கது.

மலேயாவில் நின்ற பால்

அமெரிக்கர்கள் முதன்முதலில் பேரளவில் வண்டிகளைப் பகிர்ந்துகொண்டது இரண்டாம் உலகப்போரின்போது. அதற்குப் பெட்ரோல் தட்டுப்பாட்டைவிட இரப்பர்த் தட்டுப்பாடே முதன்மையான காரணம். அந்நாடு பயன்படுத்திய இயற்கை இரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு தென்கிழக்காசியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மலேயாவின் தோட்டங்களில் விடியலுக்கு முன்னரே எழுந்து பால்மரம் வெட்டியவர்களுள் மிகப் பலர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது; மலேயா முழுவதும் சப்பானியர் வசமாயிற்று. அந்தத் தோட்டங்களின் பால் அமெரிக்கச் சக்கரங்களுக்குச் சென்று சேரும் வழி அடைபட்டது. புதுக்கோட்டையிலிருந்தோ திருச்சிராப்பள்ளியிலிருந்தோ கப்பலேறிச் சென்ற ஒரு தொழிலாளியின் கைக்கும், ஓகியோ மாநிலத்தில் ஓர் எழுத்தர் தம் அண்டை வீட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டதற்கும் இப்படியொரு தொடர்பு இருந்தது என்பதை வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை.

டயர்களைக் காப்பதற்காகவே அமெரிக்க அரசு பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. வேகத்தையும் மணிக்கு 35 மைலாக, அதாவது ஏறத்தாழ 56 கிலோமீட்டராகக் குறைத்தது. அண்டை அயலார் சேர்ந்து வண்டிப் பகிர்வுக் குழுக்களை அமைத்துக்கொள்ளுமாறு வேண்டியது. 1943-இல் வெளியான அரசுச் சுவரொட்டி ஒன்றில், மகிழுந்தைத் தனியே ஓட்டிச் செல்லும் ஒருவரின் பக்கத்து இருக்கையில் இட்லரின் நிழலுருவம் அமர்ந்திருக்கும். தனியே செல்பவர் பகைவனுக்குத் துணைபோகிறார் என்பது அதன் பொருள். போர் முடிந்தது, பங்கீடு நீங்கியது, குழுக்களும் கலைந்தன.

மீண்டும் 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது பகிர்பயணம் உயிர்பெற்றது. வாசிங்டன் நகருக்குச் செல்லும் வர்சீனியா மாநில நெடுஞ்சாலை ஒன்றில் பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்த தனித்தடம், அவ்வாண்டு திசம்பரில் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ செல்லும் மகிழுந்துகளுக்கும் திறந்துவிடப்பட்டது. தனியாக வந்தவர்கள் நெரிசலில் நின்றிருக்க, நால்வராக வந்தவர்கள் பக்கத்திலேயே விரைந்து சென்றனர். இதன் விளைவாக ஒரு வியப்பான வழக்கம் தோன்றியது. எண்ணிக்கையை நிறைவு செய்வதற்காக ஓட்டுநர்கள் பேருந்து நிறுத்தங்களில் வண்டியை நிறுத்தி, முன்பின் அறியாதவர்களை ஏற்றிக்கொள்ளத் தொடங்கினர். இருசாராரும் ஒரு காசும் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. வரிசையில் நிற்பவருக்குப் பயணம் கிடைக்கிறது. ஓட்டுபவருக்குத் தடம் கிடைக்கிறது. எந்த அலுவலகமும் நடத்தாத இவ்வழக்கம் பல பத்தாண்டுகள் நிலைத்தது.

ஆனால் நாடு முழுவதையும் நோக்கினால் காட்சி வேறு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 1980-இல் வேலைக்குச் சென்றவர்களுள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் பகிர்பயணம் செய்தனர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 10 விழுக்காடு. முப்பது ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிட்டது. எண்ணெய் மலிந்தது, குடும்பத்தில் ஆளுக்கொரு வண்டி வந்தது, வீடுகளும் பணியிடங்களும் திசைக்கொன்றாகச் சிதறின. கட்டாயத்தால் வந்த பழக்கம், கட்டாயம் நீங்கியதும் தானும் நீங்கியது.

பயணப் பலகை

இத்தேய்வுக்கிடையிலும் பகிர்பயணம் ஓரிடத்தில் இயல்பாக வாழ்ந்துகொண்டிருந்தது. அவ்விடம் பல்கலைக்கழகம். மாணவர்களிடம் பணம் குறைவு. வண்டியுள்ளோர் சிலர், இல்லாதோர் பலர். விடுமுறை எல்லார்க்கும் ஒரே நாளில் தொடங்குகிறது. ஒரே நாளில் முடிகிறது. புறப்படும் இடமும் ஒன்றே.

நியூயார்க் மாநிலத்தில் கயூகா ஏரியின் தென்முனையில், குன்றுகளுக்கும் அருவிகளுக்கும் நடுவே இத்தாக்கா என்னும் சிற்றூர் இருக்கிறது. 1865-இல் நிறுவப்பட்ட கார்னெல் பல்கலைக்கழகம் அங்குள்ளது. நியூயார்க் நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவு. ஒரு காலத்தில் தொடர்வண்டி வந்துசென்ற ஊர்தான். ஆனால் பயணியர் தொடர்வண்டி 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் திருநாள். அமெரிக்கக் குடும்பங்கள் கூடியுண்ணும் நாள் அது. அதற்கு முந்திய நாளில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் ஊருக்குப் புறப்படுவார்கள். பனி பெய்யத் தொடங்கும் பருவம் வேறு. பேருந்தில் இடம் கிடைக்காதவர்க்கு நண்பரின் நண்பரிடம் வண்டி இருக்கிறதா என்று கேட்டறிவதைத் தவிர வழியில்லை.

இத்தகைய தேவைக்காகவே அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர் மன்றக் கட்டடங்களில் 'பயணப் பலகை' என்றொன்று இருந்தது. சுவரில் நாட்டின் வரைபடம் தொங்கும். அது பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் அட்டை செருக ஓரிடம் உண்டு. வண்டி வைத்திருப்பவர் தாம் செல்லும் ஊர், புறப்படும் நாள், எத்தனை இடங்கள் உள்ளன என்பவற்றை எழுதிச் செருகுவார். இடம் வேண்டுபவர் தம் ஊரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைப்பார். எரிபொருட்செலவைப் பங்கிடுவோம் என்ற குறிப்பு பெரும்பாலான அட்டைகளில் இருக்கும். விதிமுறை நூலோ கண்காணிப்பாளரோ இல்லை. இவ்வளவு எளிய ஏற்பாடு பல்லாண்டுகள் பயன் தந்தது.

அதற்கொரு குறையும் இருந்தது. அட்டை ஒரு பெயரைக் காட்டும், மனிதரைக் காட்டாது. இரவு நேரத்தில், பனிச்சாலையில், ஐந்து மணிநேரம், அறியாத ஒருவருடன் ஒரே வண்டியில் அமர்ந்து செல்ல வேண்டிய பத்தொன்பது வயது மாணவியின் நிலையை எண்ணிப் பார்த்தால் இக்குறையின் அளவு விளங்கும். ஓட்டுபவருக்கும் அச்சம் உண்டு, ஏறுபவர் எத்தகையவரோ? அவர் நல்லவராகவே இருந்தாலும், அவருடைய உயிருக்கும் சேர்த்தே ஓட்டுபவர் பொறுப்பேற்கிறார். காலி இருக்கைக்கும் அதில் அமரவிருப்பவருக்கும் இடையே நிற்பது தொலைவு அன்று, ஐயப்பாடுதான். பகிர்பயணத்தைப் பற்றிப் பேசுவோர் எரிபொருளைப் பற்றியும் நெரிசலைப் பற்றியும் மிகுதியாகப் பேசுகின்றனர். இதனைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை.

சிம்பாப்வேயிலிருந்து வந்த எண்ணம்

கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவிலுள்ள பல்கலைக்கழகத்தில் பயின்ற லோகன் கிரீன் என்னும் மாணவர், மகிழுந்து இல்லாமல் வாழ்ந்து பார்ப்பதெனத் தீர்மானித்தவர். அந்நகரப் பொதுப்போக்குவரத்து வாரியத்திலும் உறுப்பினராகப் பணியாற்றினார். பேருந்துகளை அதிகரிக்க வேண்டுமென்று எல்லாரும் கேட்பதையும், அதற்குரிய பணம் இல்லாததையும் அங்கிருந்தே அவர் கண்டார். பின்னர் ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டுக்குச் சென்றபோது, அங்கு மக்கள் சிற்றுந்துகளில் நெருங்கி அமர்ந்து பயணம் செய்வதைப் பார்த்தார். அங்கு 'கோம்பி' எனப்படும் அவ்வண்டிகள், இடம் நிறையும்வரை காத்திருந்தே பெரும்பாலும் புறப்படும். காலியாகச் செல்வதற்கு அங்கு ஒருவருக்கும் வசதியில்லை. செல்வம் குறைந்த நாட்டில் ஓர் இருக்கையும் வீணாவதில்லை. செல்வம் மிகுந்த நாட்டிலோ பெரும்பாலானவை வீணாகின்றன. இவ்வேறுபாடு அவரை விடாமல் பற்றிக்கொண்டது.

அவர் உருவாக்கிய இணையவழிப் பகிர்பயண ஏற்பாட்டுக்கு அந்நாட்டின் பெயரைக் கொண்டே 'சிம்ரைடு' எனப் பெயரிட்டார். கார்னெலில் பயின்று, நியூயார்க்கில் நிதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்த சான் சிம்மர் அவருடன் இணைந்தார். பெயர் ஒற்றுமை தற்செயலானது. 2007-இல் கார்னெல் வளாகத்திலேயே அது முதலில் நடைமுறைக்கு வந்தது. இருவரும் தவளை வேடமணிந்து, வண்டியோட்டி வரும் மாணவர்களிடம் துண்டறிக்கைகளைக் கொடுத்தனர் என்பது சுவையான செய்தி. ஆறு திங்களுக்குள் மாணவர்களுள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் அதில் பதிவு செய்துகொண்டனர். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு அது பரவியது.

பயணப் பலகையால் இயலாததை இது எவ்வாறு செய்தது? முகநூலுடன் இணைக்கப்பட்டிருந்ததால், ஏறுபவரும் ஏற்றிக்கொள்பவரும் ஒருவரையொருவர் முன்னரே அறிந்துகொள்ள முடிந்தது. எந்தத் துறையில் பயில்கிறார், இருவருக்கும் பொதுவான நண்பர் யார் என்பன தெரிந்தன. ஒரே பல்கலைக்கழகத்தவர் என்பதே பாதி அறிமுகம்; பொதுவான நண்பர் ஒருவர் இருந்தால் அது முழு அறிமுகமாயிற்று. தவறு செய்பவர் மறுநாள் அதே வகுப்பறைக்கு வந்தாக வேண்டும் என்பதும் ஒரு காவலே. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த காலத்தில் மாட்டுவண்டிக்காரர் தயங்காமல் வழிப்போக்கரை ஏற்றிக்கொண்டதற்கு எது காரணமோ, அதுவே இங்கும் காரணம்.

இனி, இதனால் சுற்றுச்சூழலுக்கு விளையும் நன்மையைச் சிறு கணக்கால் காணலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோகிராம். அது எரிந்தால் வெளிவரும் கார்பன் டைஆக்சைடோ ஏறத்தாழ 2.3 கிலோகிராம். முக்கால் கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் வருவதெப்படி என்று வியக்க வேண்டியதில்லை. பெட்ரோலிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்வதால் எடை கூடுகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் செல்லும் மகிழுந்து, இத்தாக்காவிலிருந்து நியூயார்க் செல்ல ஏறத்தாழ 29 லிட்டர் பெட்ரோலை எரிக்கும். 67 கிலோகிராம் வாயுவை வெளிவிடும். நால்வர் நான்கு வண்டிகளில் சென்றால் 268 கிலோகிராம். ஒரே வண்டியில் சென்றால் ஆளுக்கு 17 கிலோகிராமுக்குள் அடங்கும்.

கணக்கை இங்கேயே நிறுத்துவது நேர்மையாகாது. அதே தொலைவை லிட்டருக்கு 3 கிலோமீட்டர் செல்லும் டீசல் பேருந்து கடந்தால் ஏறத்தாழ 315 கிலோகிராம் வாயு வெளிப்படும். ஆனால் அதில் 40 பேர் இருப்பின் ஆளுக்கு 8 கிலோகிராம்தான். நிறைந்த மகிழுந்தைவிட நிறைந்த பேருந்து சிறந்தது. ஆகவே பகிர்பயணத்தின் நன்மை, அதில் ஏறுபவர் வேறெதில் சென்றிருப்பார் என்பதைப் பொறுத்தது. தனி மகிழுந்தைக் கைவிட்டு வந்தவரெனில் ஆதாயம். பேருந்திலிருந்து இறங்கி வந்தவரெனில் இழப்பு. பேருந்து செல்லாத வழித்தடங்களிலும், பேருந்து நிரம்பி வழியும் நாள்களிலுமே பகிர்பயணம் தன் முழுப்பயனைத் தருகிறது.

பல்கலைக்கழக நிருவாகங்கள் இதில் ஆர்வம் காட்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு மகிழுந்தை நிறுத்துவதற்கு, அது வந்துபோகும் வழியையும் சேர்த்து, ஏறத்தாழ 30 சதுர மீட்டர் நிலம் தேவை. அது ஒரு சிறு வகுப்பறையின் பரப்பு. வாகன நிறுத்தம் கட்டணமின்றிக் கிடைப்பதாகத் தோன்றினாலும், அதன் செலவை வண்டியில்லாதோரும் சேர்ந்தே சுமக்கின்றனர் என்று கலிபோர்னியாப் பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005-இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக நிறுவினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தனியே வண்டியோட்டி வராதவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கியது. சேர்ந்து வருவோருக்கு நிறுத்துமிடத்தில் சலுகை தந்தது. அங்கு 2002-இல் பணியாளர்களுள் 72 விழுக்காட்டினர் தனியே ஓட்டி வந்தனர். பின்வந்த ஆண்டுகளில் அது 50 விழுக்காட்டை நெருங்கிக் குறைந்தது. அறிவுரையால் இயலாதது நிறுத்துமிடக் கட்டணத்தால் இயன்றது.

எப்படியும் செல்பவரும் அழைத்தால் வருபவரும்

சிம்ரைடின் கதை அங்கேயே முடியவில்லை. தொலைவூர்ப் பயணம் மாணவருக்கு ஆண்டில் சில முறையே நேர்கிறது. அன்றாடம் பயன்படும் ஏற்பாடாக அதனை மாற்ற நிறுவனர்கள் விரும்பினர். திறன்பேசியும் அப்போது பரவிவிட்டது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'லிஃப்ட்' என்னும் செயலி பிறந்தது. தொடக்கத்தில் பயணி தருவது கட்டணம் அன்று, விரும்பிக் கொடுக்கும் நன்கொடை எனப்பட்டது. வண்டிகளின் முகப்பில் இளஞ்சிவப்பு நிறத்தில் பெரிய மீசையொன்று ஒட்டப்பட்டிருந்தது. பயணி முன்னிருக்கையில் ஓட்டுநரின் அருகே நண்பரைப் போல அமர்ந்தார். அடுத்த ஆண்டே நன்கொடை கட்டணமாயிற்று. சிம்ரைடு வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அமர்ந்து செல்கிறார். ஆயினும் இரண்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. பயணப் பலகையில் அட்டை செருகிய மாணவர் எப்படியும் நியூயார்க் செல்லவிருந்தவர். பயணி வராவிட்டாலும் அவர் வண்டி அந்தச் சாலையில் ஓடியிருக்கும். செயலியின் ஓட்டுநரோ பயணி அழைத்ததால் மட்டுமே வருகிறார். அடுத்த அழைப்பு வரும்வரை வெற்று வண்டியுடன் நகரைச் சுற்றுகிறார். முன்னது இருக்கும் வண்டியை நிரப்பியது. பின்னது இல்லாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 2010-க்கும் 2016-க்கும் இடையே சான் பிரான்சிஸ்கோவில் கூடிய போக்குவரத்து நெரிசலில் ஏறத்தாழ பாதி, இத்தகைய செயலிவழி வாடகை வண்டிகளால் விளைந்தது என்று அந்நகரப் போக்குவரத்து ஆணையம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஒரே வழியில் செல்லும் அயலார் இருவர் சேர்ந்து ஏறிக்கொள்ளும் சேவையையும் அந்நிறுவனம் இடையில் நடத்தியது. பெருந்தொற்றுக் காலத்தில் அது நின்றது. பின்னர் சில நகரங்களில் திரும்பி வந்தது. 2023-இல் அதனைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. காலி இருக்கைகளை நிரப்புவதற்காகத் தொடங்கிய முயற்சி சென்றடைந்த இடம் இது.

இதற்காக அந்நிறுவனத்தாரை வஞ்சகர் எனத் தூற்றுவது பொருந்தாது. உழைப்பவருக்கு ஊதியம் வேண்டும். இரவில் பாதுகாப்பாக வீடு திரும்ப வண்டி வேண்டும். இவை நியாயமான தேவைகள். ஆனால் வாடகை வண்டிக்குப் 'பகிர்வு' என்று பெயரிட்டதால் உண்மையான பகிர்வு எதுவென்பது பலருக்கு மறந்துபோயிற்று.

இந்தியச் சட்டம் இவ்வேறுபாட்டை எண்பலகையின் நிறத்திலேயே காட்டுகிறது. வெள்ளைப் பலகையில் கறுப்பெழுத்து இருப்பின் அது சொந்தப் பயன்பாட்டு வண்டி; மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து இருப்பின் வாடகை வண்டி. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிய அனுமதிச்சீட்டு இல்லாமல் வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுதல் குற்றம். சொந்த வண்டிக்கான காப்பீடும் வாடகைப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்து இழப்பீடு கோரும் வேளையில்தான் இந்நுணுக்கத்தின் கடுமை பலருக்குத் தெரியவருகிறது. எரிபொருட்செலவை நண்பர்கள் பங்கிட்டுக்கொள்வது எங்கே முடிகிறது, வாடகை எங்கே தொடங்குகிறது? இந்த இடத்தில்தான் நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. 2020 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், சொந்த வண்டியில் பகிர்பயணத்துக்கு இடமளித்தன. அதற்கு வரம்பும் விதித்தன: நகருக்குள் ஒரு நாளில் நான்கு பயணம், ஊர்விட்டு ஊர் செல்வதெனில் வாரத்துக்கு இரண்டு. தாமும் செல்ல வேண்டியிருப்பவர் இவ்வளவு முறைதான் செல்வார். இதற்கு மேல் ஓட்டுபவர் பிழைப்புக்காக ஓட்டுகிறார் என்பதே இவ்வரம்பின் உட்பொருளாகத் தெரிகிறது. விரும்பாத மாநிலம் இதனைத் தடைசெய்யவும் அந்நெறிமுறைகள் இடம் தந்தன.

தமிழ்நாட்டில் மகிழுந்தில் கல்லூரிக்கு வரும் மாணவர் மிகச் சிலரே. பேருந்தே இங்குப் பெரிய பகிர்பயணம். பள்ளி மாணவர்க்குக் கட்டணமில்லாப் பயண அட்டை வழங்கும் ஏற்பாடு, இத்தாக்காவின் பயணப் பலகை செய்ததைவிடப் பன்மடங்கு மிகுதியான பயனைச் செய்திருக்கிறது. எனினும் பேருந்து குறைவாகச் செல்லும் புறநகர்க் கல்லூரிகளும், மாலை ஆய்வகம் முடிந்து இருட்டிய பின் புறப்படும் மாணவியரும் இங்கும் உண்டு. ஒரே வளாகத்துக்கு நாள்தோறும் தனித்தனி மகிழுந்துகளில் வந்துசெல்லும் பேராசிரியர்களும் உண்டு. அவர்களுக்குப் பயணப் பலகை போன்ற ஏதேனும் ஒன்றை அமைக்க முன்வருவோர், கார்னெலில் எதிர்கொள்ளப்பட்ட அதே வினாவைத்தான் முதலில் எதிர்கொள்வர்: அந்த இருக்கையில் அமரவிருப்பவர் ஓட்டுபவரை எவ்வாறு அறிவார்? 2020-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இதற்கென ஒரு விதி இருந்தது. பகிர்பயணம் செய்ய விரும்பும் பெண்களுக்கு, பெண்களுடன் மட்டுமே சேர்ந்து செல்லும் வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்பதே அது.